பேனிக் அட்டாக்குக்கு சிபிடி: சில வருடங்கள் கழித்து என் அனுபவம்

தெரபி முடிந்த சூட்டோடு எழுதப்படும் அனுபவங்கள் நிறையக் கிடைக்கின்றன. சில வருடங்கள் ஆன பிறகும் அந்தப் பலன் நின்றதா என்று சொல்பவர்கள் குறைவு. நான் தவித்துக்கொண்டிருந்தபோது தேடியது அப்படி ஒரு பகிர்வைத்தான், அதனால் எழுதுகிறேன். என் பிரச்சினை பேனிக் டிஸார்டர். எடுத்துக்கொண்டது சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கூடவே கொஞ்ச காலம் மாத்திரை.

பேனிக் வந்து பார்க்காதவர்களுக்காக: திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு போதாதது போல இருக்கும், விரல்கள் மரத்துப்போகும், தலை சுற்றும். 'அவ்வளவுதான், உயிர் போகப்போகிறது' என்று நிச்சயமாகத் தோன்றும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே தணிந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்குத் தெரியும்? நேராக எமர்ஜென்சிக்குத்தான் ஓடுவோம். எனக்கும் ஈசிஜி, எக்கோ, ட்ரோபோனின் என்கிற மாரடைப்புக்கான ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் எடுத்தார்கள். எல்லாமே நார்மல். "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் அம்மா கண்ணேறு கழித்தார். அந்தப் பரிசோதனைகள் வீண் என்று சொல்ல மாட்டேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும் என்பதால் முதலில் அதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். எல்லாம் நார்மல் என்று வந்த பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்லாததுதான் எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்.

எனக்குப் பெரிதாக வந்தது சென்னை மெட்ரோவில். வீடு ஆலந்தூர் பக்கம், ஆபீஸ் ஆயிரம் விளக்கு. சின்னமலை வரை ரயில் மேலே ஓடும், சைதாப்பேட்டையிலிருந்து சுரங்கம். ஒரு காலை நெரிசலில், அந்தச் சுரங்கத்துக்குள் வந்தது. அதற்கப்புறம் மெட்ரோவை விட்டுப் பேருந்துக்கு மாறினேன். பேருந்திலும் கதவுக்குப் பக்கத்து சீட்தான். பிறகு லிஃப்ட் வேண்டாம், தியேட்டர் வேண்டாம், கல்யாணப் பந்தியில் வரிசைக்கு நடுவில் உட்கார வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோனது. கைப்பையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டேன். தவிர்த்த அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனி என்பது தெரபியில்தான் புரிந்தது.

முதலில் போன ஆலோசகர் அன்பானவர். பொறுமையாகக் கேட்பார், "பாசிட்டிவா நினைங்க, தியானம் பண்ணுங்க" என்பார். வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். பல வாரம் போயும் மெட்ரோ படியில் கால் வைக்க முடியவில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு அப்படி ஒருவர் கேட்பதே பெரிய ஆதரவு. பேனிக்குக்கு அது மட்டும் போதவில்லை.

பிறகு ஒரு மனநல மருத்துவர் சொல்லி ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம், அதாவது மருத்துவ உளவியலாளரிடம், போனேன். கடைசியாக வந்த அட்டாக்கை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னார். முதலில் உடம்பில் என்ன தெரிந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, உடனே என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே, நான் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் வட்டமாக எழுதினார். படபடப்பு, 'ஹார்ட் அட்டாக்' என்ற எண்ணம், பயம், பயத்தால் சுரக்கும் அட்ரினலின், அதனால் இன்னும் அதிகப் படபடப்பு. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் முன்வைத்த விளக்கம் இது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சிபிடி அதைவிடப் பழையது, ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் மனச்சோர்வுக்காக உருவாக்கியது.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது ஒரு சின்னப் பயிற்சி. "இப்போ ஒரு நிமிஷம் வேகமா, ஆழமா மூச்சு விடுங்க, நானும் உங்ககூட விடறேன்" என்றார் மேடம். பாதி நிமிடத்திலேயே விரல் மரத்தது, உதடு கூசியது, அறை சுற்றியது.

"மெட்ரோல வந்தது இதுதானா?"

"ஆமா மேடம், இதேதான்."

"இப்போ நிறுத்திட்டு சும்மா உட்காருங்க. எதுவும் செய்யாதீங்க."

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும், அதனால்தான் இந்தத் தலைசுற்றலும் மரத்துப்போவதும் என்று அதற்குப் பிறகுதான் விளக்கினார். முதலிலேயே சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். நானே வரவழைத்து, அது தானே போவதையும் பார்த்த பிறகு, அந்த உணர்ச்சிகளிடம் இருந்த பயத்தில் பாதி அங்கேயே போனது. நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடுவது, படியில் வேகமாக ஏறுவது என்று தினமும் வீட்டில் செய்ய வேண்டியவையும் இருந்தன. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

அடுத்தது பயப்படும் இடங்களுக்குப் போவது. 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுப் பட்டியல் எழுதினோம். அடியில் ஆலந்தூர் பிளாட்பாரத்தில் சும்மா நிற்பது, உச்சியில் காலை நெரிசலில் தனியாக ஆயிரம் விளக்கு. நடுவில் சின்னமலை வரை, பிறகு சுரங்கத்தில் ஒரே ஒரு ஸ்டேஷன், பிறகு நந்தனம், தேனாம்பேட்டை. "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா போற, கண்ணு?" என்று ஆரம்பத்தில் அழுத அம்மாதான் முதல் பயணங்களில் கூட வந்தார். பழகியதும் அவரை அடுத்த பெட்டியில் ஏறச் சொன்னார் மேடம். அப்புறம் அடுத்த ரயிலில். பயம் குறைவதற்கு முன்னால் வெளியே வரக்கூடாது என்பதுதான் ஒரே விதி.

இதில் மிகக் கஷ்டமாக இருந்தது தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது. பாட்டில் கையில் இருந்தால் 'தண்ணீர் குடித்ததால் தப்பித்தேன்' என்றுதான் மனசு கணக்கு எழுதும். எதுவுமே இல்லாமல் உட்கார்ந்து எதுவுமே ஆகவில்லை என்று பார்க்கும்போதுதான் அது நம்புகிறது. கிளம்பும் முன் நோட்டில் என் கணிப்பை எழுதுவேன்: 'மயங்கி விழுவேன், 80 சதவீதம்.' திரும்பி வந்து நடந்ததை எழுதுவேன். விழவே இல்லை. பேனிக்கில் ரத்த அழுத்தம் சாதாரணமாக ஏறத்தான் செய்யும், மயக்கம் வருவது அழுத்தம் இறங்கும்போது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் எஸ்கிட்டலோப்ராம் என்கிற, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரையைக் கொடுத்தார். இந்த வகை மருந்துகள் வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும். நிறுத்தும்போதும் அவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைத்தேன். அல்ப்ரசோலம் மாதிரி உடனே அமைதிப்படுத்தும் மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை, மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்காதீர்கள். மருந்தா தெரபியா என்று சண்டை போடுவதில் எனக்கு விருப்பமில்லை. எனக்கு மருந்து பயத்தின் சத்தத்தைக் குறைத்தது, அந்தச் சமயத்தில் பயிற்சிகளைச் செய்ய முடிந்தது.

இப்போது, இத்தனை காலம் கழித்து? மெட்ரோவில் தினமும் போகிறேன், பெரும்பாலும் நின்றுகொண்டு. பேனிக் முழுதாக மறைந்துவிடவில்லை. அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்த சமயம், தூக்கமில்லாத நாட்களில், மருத்துவமனை லிஃப்டில் ஒரு முறை நன்றாகவே வந்தது. கடைசி அமர்வுகளில் இதற்காகவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தோம்: திரும்ப வரலாம், வந்தால் தவிர்க்காதே, அதே இடத்துக்கு மறுபடி போ. அன்றைக்கே அந்த லிஃப்டில் மேலும் கீழும் போய் வந்தேன். பிறகு மேடத்திடம் ஒரு அமர்வு மட்டும் போய் வந்தேன், அது போதுமாக இருந்தது. என் சுபாவம் மாறவில்லை, இன்றும் எதற்கும் கவலைப்படுகிறவள்தான். ஆபீஸ் பிரச்சினைகள் எதையும் தெரபி தீர்க்கவும் இல்லை.

ஆகவே தெரபிஸ்ட்டைத் தேடுபவர்களிடம் நான் சொல்வது: இரண்டு அமர்வுகளுக்கு இடைப்பட்ட வாரத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்கிறாரா பாருங்கள். என் அனுபவத்தில் மாற்றம் நடந்தது அந்த வாரங்களில்தான். வேண்டாத எண்ணமும் சடங்கும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடிக்கும் பயத்தை நேராகச் சந்தித்து, கைகழுவுவது போன்ற சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை உண்டு. மனச்சோர்வுக்கு, மனசு வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திராமல், சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்யவைப்பார்கள். கோவாவில் சங்கத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு இந்த முறையில் பயிற்சி பெற்ற சாதாரண மக்களை வைத்தே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தியது. அதில் நல்ல பலன் கிடைத்ததாக 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

செலவு ஒரு உண்மையான தடை. நான் ஒரு அமர்வுக்கு 1500 ரூபாய் கொடுத்தேன். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும், வாராந்திர அமர்வுகள் நம் கைக்காசுதான். முடிவே தெரியாமல் போய்க்கொண்டிருக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். பேனிக்குக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் சிபிடி என்றுதான் பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கும் போகலாம். அந்த ஊர்ப் பெயரை வசவாகச் சொல்லிப் பழகிய நம் ஊரில் அங்கே போகக் கூச்சமாகத்தான் இருக்கும். போங்கள்.

யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் அமர்வு கிடைக்கும் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே அழையுங்கள், அல்லது கூட ஒருவரை அழைத்துக்கொண்டு பக்கத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.