வடசென்னை வார்டு, புது வென்டிலேட்டர், ஊறிப்போன ஒரு ஃபில்டர்

அட்டெண்டர் பாஸ், வாசல் டீக்கடை, ஃப்ளாஸ்க்கில் கஞ்சி எதுவும் மாறவில்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஐசியூவில் பெட் கிடைக்காமல் வீட்டுக்காரர்கள் முறைவைத்து கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை விடிய விடிய அமுக்கிய காலமும் நினைவிருக்கும். இப்போது வார்டுக்கே வென்டிலேட்டர் வந்துவிட்டது. லண்டன் ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஒரு மாற்றும் குறையாது. ஆனால் அங்கே வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ், இங்கே வார்டுக்கே ஒரு சிஸ்டர்.

அந்த மெஷின் அன்று ஓயாமல் கத்தியது. ஹை பிரஷர் அலாரம். சிஸ்டர் ஓடிவந்து சளியை உறிஞ்ச சக்‌ஷன் போடுவார், சத்தத்தை அமர்த்துவார், இரண்டே நிமிஷத்தில் மறுபடி கத்தும். மூன்று தடவை இதே கதை. தொண்டை வழியே போட்டிருந்த 8 சைஸ் (உள்விட்டம் 8 மி.மீ.) குழாயில் 12 சைஸ் (வேறு அளவுமுறை, சுமார் 4 மி.மீ.) சக்‌ஷன் கதீட்டர் தடங்கலின்றி இறங்கியது, சளியும் நாலு சொட்டுதான். குழாயில் அடைப்பில்லை என்பது அதிலேயே தெரிகிறது. இருந்தும் “லங்ஸ் இறுகிப்போச்சு, மயக்க மருந்தைக் கூட்டலாம்” என்று பேச்சு ஓடியது.

நோயாளி தானாக மூச்சு இழுக்காத நேரம் பார்த்து, காற்று உள்ளே போய் முடிந்த இடத்தில் மூச்சை நிறுத்திப் பிடிக்கும் ஹோல்ட் பட்டனை ஒரு நொடி அழுத்தினால் போதும், உண்மை தெரிந்துவிடும். காற்று பாயும்போதுள்ள உச்ச அழுத்தம் (பீக்) 46, பாய்ச்சல் நின்றதும் உள்ள அழுத்தம் (பிளாட்டோ) 19. நுரையீரல் இறுகியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். பீக் மட்டும் ஏறினால் கோளாறு காற்று போகிற வழியில்: வீசிங், சளி, மடிந்த குழாய், பல்லில் கடிபட்ட குழாய். இல்லையென்றால், யார் கண்ணிலும் படாத ஃபில்டர்.

எச்எம்இ ஃபில்டர் என்பது வெளியே வரும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும் சின்ன டப்பா. நோயாளியை ஐசியூவிலிருந்து கீழே இறக்கும்போது டிரான்ஸ்போர்ட் மெஷினுக்காக மாட்டியது. வார்டு மெஷினிலோ தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையர் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். சேர்ந்து இருந்தால் ஃபில்டர் தண்ணீர் குடித்துக் குடித்துக் காற்றை மறிக்கும். கழற்றிக் கவிழ்த்ததும் ஒரு ஸ்பூன் தண்ணீர் விரிப்பில் கொட்டியது. பீக் 25. மெஷின் குழாய் வழியாகக் கொடுத்த நெபுலைசர் மருந்தில் எவ்வளவு நுரையீரலுக்குப் போனதோ, எவ்வளவு அந்த டப்பாவிலேயே தங்கியதோ! லண்டனில் இதற்கு விசாரணை வைத்துப் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். இங்கே சிஸ்டர் “அய்யய்யோ” என்றதோடு சரி, பக்கத்து பெட்டுக்கு ஓடிவிட்டார். அவரை என்ன சொல்ல?

அதே வார்டில்தான் இதுவும். சிடி ஸ்கேனுக்குக் கிளம்பும்போது நோயாளிக்குக் கூட இருந்த பையன் ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டினான்: “ண்ணா, முள்ளு அம்பதுலதான் நிக்குது. லிஃப்ட்டுக்கு நிக்கவே சரியாப் பூடும்.” கணக்கு துல்லியம். பி-டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். முள் 50 பார் அழுத்தம் காட்டினால் உள்ளே சுமார் 500 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 12 லிட்டர் போனால் 40 நிமிஷம். சிலிண்டரை மாற்றிக்கொண்டுதான் கிளம்பினார்கள். லண்டனில் கூட வந்தவரைச் சிலிண்டர் பக்கமே விடமாட்டார்கள்.

மறுநாள் காலை டியூட்டி மாறியது. குழாயில் பளபளவென்று புது ஃபில்டர். “க்ளீனா இருக்கட்டும்னு மாத்தினேன்” என்றார் புது சிஸ்டர். அதையும் கழற்றிவிட்டு, ஹியூமிடிஃபையர் மேல் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதியாயிற்று: ‘இதில் ஃபில்டர் மாட்டாதீர்கள்.’