ஆர்சி கார் நடுவில் நின்றால்: விசிறியா, பினியனா, தனி பிஇசியா?

ஓடிக்கொண்டிருக்கும் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் திடீரென்று நின்றால் பலரும் முதலில் ஈஎஸ்சியை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை) தொட்டுப் பார்ப்பார்கள், சுடுகிறது என்று தெரிந்ததும் விசிறி ஆர்டர் போட்டுவிடுவார்கள். ஆனால் நிற்பதில் இரண்டு ரகம் உண்டு, அதைப் பிரித்துப் பார்க்காமல் எதை வாங்கினாலும் காசு வீண். ஸ்டியரிங் திரும்புகிறது, த்ராட்டில் மட்டும் செத்துவிட்டது, ஈஎஸ்சி விளக்கு மினுக்குகிறது என்றால் பெரும்பாலும் சூடு (லிப்போ பேட்டரி இறங்கி, அதைக் காக்க ஈஎஸ்சி மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் விழுந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், வோல்ட்டை அளந்தால் தெரிந்துவிடும்). ஸ்டியரிங்கும் சேர்ந்து போய், ஒன்றிரண்டு நொடியில் தானாகத் திரும்பி வந்தால் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு வோல்ட் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

முதலில் இந்த இரண்டாவது ரகம். ரிசீவருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கும் கரண்ட் தருவது ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி, அதாவது பேட்டரி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் மின்சுற்று. அது லீனியரா ஸ்விட்சிங்கா என்பதுதான் முக்கியம், பெட்டியின் மேல் அதைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு. லீனியர் என்றால் மிச்ச வோல்ட்டை அப்படியே சூடாக்கித் தள்ளிவிடும். முழு சார்ஜில் 2எஸ் (இரண்டு செல்) லிப்போ 8.4 வோல்ட், வெளியே 6 வோல்ட், சர்வோ 2 ஆம்ப் இழுக்கிறது என்று வையுங்கள்: 4.8 வாட் சூடு. அதே ஈஎஸ்சியில் 3எஸ் போட்டால் 13 வாட்டைத் தாண்டும், அதுவும் மோட்டாரை ஓட்டும் ஃபெட்கள் (டிரான்சிஸ்டர்கள்) ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் அதே பெட்டிக்குள்! கரண்டை வேகமாகத் திறந்து மூடி வோல்ட்டைக் குறைக்கும் ஸ்விட்சிங் பிஇசி 90 சதவீதத் திறனில் ஓடினால் இதே வேலையில் 1.3 வாட் சுமார்தான் வீணாகும்.

சரி, உள்ளே இருப்பது போதவில்லை என்றால் என்ன செய்யலாம்? மலிவான வழி கெப்பாசிட்டர்: ரிசீவரில் காலியாக இருக்கும் சேனலில் 4700 மைக்ரோஃபாரட் ஒன்றைச் செருகுவார்கள். கணக்குப் போட்டால் பரிதாபம்தான். 6 வோல்ட்டிலிருந்து 4.5-க்கு இறங்கும்வரை 5 ஆம்ப் கொடுக்க வேண்டுமென்றால் அது தாங்குவது சுமார் 1.4 மில்லிசெகண்ட். சர்வோ வெடுக்கென்று இழுக்கும் அந்தக் கணத்துக்கு உதவும், சக்கரம் கல்லில் மாட்டி சர்வோ திரும்ப முடியாமல் ஸ்டால் ஆகி நிற்கும்போது அதனால் ஒன்றும் ஆகாது.

தனி பிஇசிதான் என் ஓட்டு. காசில் (Castle) கம்பெனியின் 10 ஆம்ப் பிஇசி போன்றவற்றில் வோல்ட்டை நாமே வைத்துக்கொள்ளலாம், 3எஸ்ஸுக்குத் தாராளமாகப் போதும். ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் பிளக்கில் நடு சிவப்பு ஒயரை உருவி டேப் சுற்றிவிடுங்கள், இரண்டு பிஇசியும் ஒரே இடத்தில் மோதக் கூடாது. ஒரு தொல்லை: பேட்டரியிலிருந்து நேராக இணைத்திருந்தால் ஈஎஸ்சி சுவிட்சை அணைத்தாலும் பிஇசி ஓடிக்கொண்டே இருக்கும், கட்-ஆஃபும் அதைத் தடுக்காது. பேட்டரியைக் கழற்ற மறந்து ராத்திரி தூங்கினால் காலையில் லிப்போ காலி. ரிசீவருக்கென்று தனி பேட்டரி வைப்பது எரிபொருள் இன்ஜினில் ஓடும் நைட்ரோ வண்டிக்குச் சரி, அங்கே வேறு வழியில்லை. எலெக்ட்ரிக் வண்டியில் அது கூடுதல் எடை, சார்ஜ் போட இன்னொரு பொருள், அவ்வளவுதான்.

இப்போது சூடு. விசிறி, ஹீட்சிங்க், சின்ன பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் பல்சக்கரம்), 3எஸ்ஸுக்கு மாறுவது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதில் விசிறியும் ஹீட்சிங்கும் உண்டான சூட்டை வெளியே கொண்டுபோகும், சின்ன பினியன் சூடு உண்டாவதையே குறைக்கும். 15 பல் பினியனைக் கழற்றி 13 போட்டால் அதே உந்துதலுக்கு மோட்டார் இழுக்கும் கரண்ட் சுமார் 13 சதவீதம் குறையும். சுருளில் எழும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் அது கிட்டத்தட்ட 25 சதவீதம் குறையும். விலை ஒரு விசிறியைவிட அதிகமில்லை. டாப் ஸ்பீடும் அந்த 13 சதவீதம் போகும், அது வலிக்கும்தான். ஆனால் புல்லிலும் மணலிலும் ஓட்டுபவருக்கு டாப் ஸ்பீடு எப்போது கிடைத்தது?

விசிறி வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்றை எவ்வளவு ஊதினாலும் 40-க்குக் கீழே எதுவும் இறங்காது, அதோடு லெக்சன் (பிளாஸ்டிக்) பாடி பின்னால் திறப்பில்லாமல் மூடியிருந்தால் அதே சுடுகாற்று உள்ளேயே சுற்றும். பாடியின் பின்பக்கம் ஒரு ஓட்டை வெட்டுவது இரண்டாவது விசிறியைவிட மேல். இன்னொன்று, சில ஈஎஸ்சிகளில் விசிறி சாக்கெட்டுக்கு வருவது பேட்டரி வோல்ட்டே. 5 வோல்ட் விசிறியை 3எஸ்ஸில் அங்கே சொருகினால் கொஞ்ச நேரம் புயல் மாதிரி சுற்றும், அப்புறம் அமைதி.

2எஸ்ஸா 3எஸ்ஸா என்ற சண்டையில் இரண்டு தரப்பும் பாதிதான் சொல்கிறது. 300 வாட்டுக்கு 2எஸ்ஸில் (பெயரளவு 7.4 வோல்ட்) 40 ஆம்ப், 3எஸ்ஸில் (11.1 வோல்ட்) 27, அதனால் ஒயரிலும் கனெக்டரிலும் உண்டாகும் சூடு பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் இது மோட்டாரையும் மாற்றினால்தான். 4500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 4500 சுற்று) மோட்டாரை 2எஸ்ஸில் ஓட்டினாலும் 3000 கேவியை 3எஸ்ஸில் ஓட்டினாலும் சுமையில்லாமல் நிமிடத்துக்கு அதே 33,300 சுற்றுதான். அந்த 4500-ஐயே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் 3எஸ் ஆக்கினால் சுற்று ஒன்றரை மடங்கு, சூடு அதைவிட அதிகமாக ஏறும். பினியனைக் குறைக்காமல் இதைச் செய்துவிட்டு ஈஎஸ்சி கம்பெனியைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

மோட்டார் வெளிக்கூட்டை 80 டிகிரிக்குக் கீழே வைப்பது என் கணக்கு. சாதாரணத் தர நியோடிமியம் காந்தம் 80-ஐத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும், மோட்டாருக்குப் போடுவது அதைவிட உயர்ந்த தரம்தான், ஆனாலும் உள்ளே ரோட்டர் வெளிக்கூட்டைவிடச் சூடாக இருக்கலாம். காந்தம் தளர்ந்தால் அதே வேலைக்கு இன்னும் கரண்ட் இழுக்கும், இன்னும் சுடும். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஒருமுறை காட்டிவிடுங்கள். மோட்டார் 80-ஐத் தாண்டினால் பினியன், மோட்டார் சுமாராக இருந்து ஈஎஸ்சி மட்டும் கொதித்தால் அதன் பிஇசி லீனியரா என்று பாருங்கள்.

பாறை ஏறும் கிராலருக்கு வரிசை வேறு. வேகம் குறைவு, மோட்டார் பெரிதாகச் சுடாது. சர்வோதான் கல்லுக்கு எதிராக மல்லுக்கட்டும். அதற்கு முதல் செலவே தனி பிஇசி, இல்லையென்றால் பேட்டரியிலிருந்து நேராக ஓடும் சர்வோ.