வெள்ளச் சேதக் கணக்கு: தாய்லாந்தா, ஜெர்மனியா, பாகிஸ்தானா, கேரளமா?

2011 தாய்லாந்து: 4,650 கோடி டாலர். 2021 ஜெர்மனி: 3,300 கோடி யூரோ. 2022 பாகிஸ்தான்: 3,010 கோடி டாலர். 2018 கேரளம்: 26,720 கோடி ரூபாய், அன்றைய மாற்று விலையில் சுமார் 380 கோடி டாலர். நான்கையும் வரிசையாக எழுதி, தாய்லாந்துக்கு முதலிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், இந்த எண்கள் ஒரே படியால் அளந்தவை அல்ல.

வெள்ளக் கணக்கில் மூன்று தொகைகள் தனித்தனியாக ஓடும். ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் ஊறி வீணான தறியைப் பழையபடி ஆக்க ஆகும் செலவு சேதம். தறி ஓடாத மூன்று மாதத்தில் போன வருமானம் இழப்பு. அடுத்த வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் மேடை கட்டி, அதன்மேல் தறி போட ஆகும் செலவு மீட்புத் தேவை. செய்தியில் மூன்றுக்கும் 'சேதம்' என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள்.

கேரளத்தில் ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் சேர்ந்து போட்ட கணக்கில் சேதம் 10,557 கோடி, இழப்பு 16,163 கோடி. இரண்டும் சேர்ந்ததுதான் 26,720 கோடி. மீட்புத் தேவை 31,000 கோடி. இந்த 31,000 கோடியை 'வெள்ளச் சேதம்' என்று எழுதினால், ஒரு சொல் மாறியதில் கணக்கு 16 சதவீதம் வீங்கிவிடும். பாகிஸ்தானில் இதற்கு நேர்மாறு: சேதம் 1,490 கோடி டாலர், இழப்பு 1,520 கோடி, தேவை குறைந்தபட்சம் 1,630 கோடி. அங்கே தேவைத் தொகையைச் சேதமென்று எடுத்தால் கணக்கு பாதியாகச் சுருங்கும். தாய்லாந்தின் 4,650 கோடி டாலரும் சேதமும் இழப்பும் கூட்டியதுதான்: சேதம் 63,040 கோடி பாட் (தாய்லாந்து நாணயம்), இழப்பு 79,520 கோடி பாட்.

ஜெர்மனியின் 3,300 கோடி யூரோ வேறு ஜாதி. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனமான மியூனிக் ரீ சொன்ன எண் அது. பெரும்பகுதி உடைந்த, அடித்துச்செல்லப்பட்ட பொருளின் மதிப்பு. ஆகவே ஜெர்மனியோடு நிற்க வைக்க வேண்டியது மற்றவர்களின் சேதத் தொகையை மட்டும்தான். அப்படி வைத்தால் வரிசை புரண்டுவிடுகிறது. ஜெர்மனி ஏறக்குறைய 3,900 கோடி டாலர், தாய்லாந்து 2,050 கோடி, பாகிஸ்தான் 1,490 கோடி, கேரளம் 150 கோடி. முதலிடம் ஜெர்மனிக்கு.

இதே தொகைகளை ஊரின் வருமானத்தால் வகுத்தால் மறுபடியும் புரளும். சேதமும் இழப்பும் சேர்த்து தாய்லாந்துக்கு ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 12 முதல் 13 சதவீதம் போனது. பாகிஸ்தானுக்குச் சுமார் 8. கேரளத்துக்கு மாநில உற்பத்தியில் 4-க்குக் கொஞ்சம் கீழே. ஜெர்மனிக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. உயிர்க்கணக்கு இதில் எதோடும் ஒட்டாது: பாகிஸ்தானில் 1,700-க்கு மேல், தாய்லாந்தில் 800-க்கு மேல், கேரளத்தில் 433, ஜெர்மனியில் 180-க்கு மேல்.

நாணய மாற்றிலும் ஒரு வழுக்கல் உண்டு. கேரளத்தின் 26,720 கோடியை டாலருக்கு 85 ரூபாய் என்று வகுத்தால் 314 கோடி டாலர்தான் வரும். 2018-இன் விலையில் வகுத்தால் 380 கோடி. வெள்ளம் வந்த ஆண்டின் மாற்று விலையில் முதலில் டாலராக்கி, பிறகு விலைவாசி ஏற்றத்தைச் சேர்ப்பதுதான் முறை. தலைகீழாகச் செய்தால், ரூபாய் சரியச் சரியப் பழைய வெள்ளங்கள் தாமாகவே சிறுத்துக்கொண்டு போகும்.

மூன்றடித் தண்ணீர், மூன்று வீடு

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரே ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடித் தண்ணீரை மூன்று ஊர் வீடுகளுக்குள் விட்டுப் பார்த்தால் விளங்கும்.

சிந்து மாகாணத்துக் கிராமத்து வீடு மண்சுவர். சுவரின் அடிப்பகுதி ஊறினால் மேல்பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். ஒரு மீட்டர் தண்ணீருக்கே நூற்றுக்கு நூறு சேதம். ஆனால் அந்த வீட்டின் மதிப்பு எவ்வளவு? பாகிஸ்தானின் வீட்டுச் சேதம் 560 கோடி டாலர். பாதிக்கப்பட்ட வீடுகள் 20 லட்சத்துக்கு மேல். வகுத்தால் ஒரு வீட்டுக்கு 2,800 டாலருக்கும் கீழேதான் நிற்கிறது. குடும்பமே தெருவுக்கு வந்த பிறகும் ஏட்டில் ஏறும் தொகை அவ்வளவுதான்.

ஜெர்மனியில் 2021 வெள்ளம் அடித்த ஆர் (Ahr) ஆற்றுப் பள்ளத்தாக்கில் பல வீடுகளுக்கு நிலவறை உண்டு. சூடாக்கும் கொதிகலனும் எண்ணெய்த் தொட்டியும் அங்கேதான் இருக்கும். தண்ணீர் புகுந்ததும் தொட்டி மிதந்து, குழாய் பிய்ந்து, எண்ணெய் பரவும். எண்ணெய் குடித்த சுவரைக் கழுவி மீட்க முடியாது. பூச்சை முழுவதும் பெயர்க்க வேண்டும், சில இடங்களில் சுவரையே இடிக்க வேண்டும். தரைக்கு அடியிலுள்ள வெப்பக்காப்பு அடுக்கும் ஊறிவிடும். ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் வாரக்கணக்கில் ஓடும். சேத விகிதம் மண்வீட்டைவிடக் குறைவு. தொகை பல மடங்கு.

சென்னைப் புறநகரின் செங்கல் வீட்டில் சுவரும் தரையும் பெரும்பாலும் தப்பிவிடும். போவது சாமான். ஒரு அடித் தண்ணீரிலேயே ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர், வாஷிங் மெஷின் மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரி, சம்ப் மோட்டார், பீரோவின் கீழ்த்தட்டு எல்லாம் நனைந்திருக்கும். இரண்டடியில் மெத்தை, சோபா. பலகைத்தூள் அலமாரி ஊதிப்போய், காய்ந்த பிறகும் கதவு மூடாது. மூன்றாவது அடியில் புதிதாகப் போக அவ்வளவாக மிச்சமில்லை. அதாவது செலவு முதல் இரண்டு அடியில் கிடுகிடுவென ஏறி, பிறகு மெதுவாகிறது. காரின் கதை தனி. தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராட் வளையும். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனி பிரீமியம் கட்டாத பாலிசியில், அது நீங்களாகச் செய்துகொண்ட சேதம் என்று கிளைமைத் தள்ளிவிடுவார்கள். வண்டியைத் தொடாமல் டோ செய்து கொண்டுபோவதே மேல்.

இந்த ஏற்றத்தை ஆய்வாளர்கள் ஆழ-சேத வளைகோடு என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு ஆய்வு மையம் 2017-இல் கண்டவாரியாக வெளியிட்ட கோடுகளில், அரை மீட்டர் தண்ணீருக்கு ஐரோப்பிய வீட்டில் 25 சதவீதச் சேதம், ஆசிய வீட்டில் 33. ஒரு மீட்டருக்கு 40, 49. தோராயக் கணக்குக்கு இவை பயன்படும். மாவட்ட அளவுக்கு இறங்கினால் மூன்று இடங்களில் காலை வாரும்.

முதலாவது, ஆழத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்பது. தெருவில் நான்கடி என்றால் வீட்டுக்குள் நான்கடி அல்ல. தெருமட்டத்துக்கு மேல் நிற்கும் கடைக்கால் உயரத்தைக் கழிக்க வேண்டும். சென்னையில் இது இன்னும் குழப்பம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், ஒரு காலத்தில் தெருவைவிட இரண்டடி உயரத்தில் நின்ற திண்ணை இப்போது தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தத் தெரு முழுக்கத் தப்பாக வரும்.

இரண்டாவது வேகம். ஆர் பள்ளத்தாக்கில் மரங்களும் கேரவன்களும் பாலங்களில் அடைத்து, தண்ணீர் பின்னால் எக்கி, பிறகு பாலத்தோடு பிய்த்துக்கொண்டு போனது. அந்த மாவட்டத்தில் 60-க்கு மேற்பட்ட பாலங்கள் போயின. நின்ற தண்ணீருக்குப் போட்ட கோடு அங்கே செல்லாது. மூன்றாவது, தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பது. சிந்துவில் மாதக்கணக்கில் வடியவில்லை. நின்ற பயிர் போனதோடு, அடுத்த கோதுமை விதைப்பும் பல இடங்களில் தள்ளிப்போனது. விதைப்பு தள்ளிப்போன கணக்கு சேதத்தில் வராது, இழப்பில் வரும். பாகிஸ்தானின் இழப்பு சேதத்தை எட்டிப்பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

கேரளத்தில் இழப்பு சேதத்தையே தாண்டியதற்கு மலைப்பயிரும் ஒரு காரணம். இடுக்கியில் அழுகிய மிளகுக் கொடிக்கும் ஏலச் செடிக்கும் பதிலாக நட்டவை காய்க்க ஆண்டுகள் ஆகும். நாற்றின் விலையைவிட நடுவில் வராத வருமானம் பெரிது. தவிர, வெள்ளம் வந்தது ஓணத்துக்கு முந்தைய வாரங்களில். கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக்கிடந்தது. ஆண்டின் பெரிய வியாபாரம் அந்த இரண்டு வாரத்தோடு போயிற்று.

தாய்லாந்தில் வீடு சின்ன வரி. பெரிய வரி தொழிற்சாலை. மொத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் உற்பத்தித் துறையினுடையது. அயுத்தயா, பதும் தானி மாகாணங்களில் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கின. ரொஜானா பேட்டையில் தண்ணீரில் நின்ற 1,055 புதுக் கார்களை ஹோண்டா விற்காமல் நொறுக்கிப்போட்டது. ஹார்ட் டிஸ்க் உற்பத்தி நின்றதில் உலகெங்கும் விலை ஏறியது. வேறு நாட்டில் கையிருப்பு வைத்திருந்தவருக்கு அது லாபம். ஆகவே தாய்லாந்தின் இழப்பை அப்படியே 'உலகின் இழப்பு' என்று எழுதினால் கூடுதலாகிவிடும். ஒரே வாழைத்தாரை விவசாயி கணக்கிலும் மண்டிக்காரர் கணக்கிலும் முழு விலைக்குச் சேர்ப்பதும் இதே வகைத் தப்புதான்.

யார் எண்ணுகிறார்கள்?

காப்பீடு உள்ள இடத்தில் ரசீதோடு எண் கிடைக்கும். தாய்லாந்தில் மூன்றில் ஒரு பங்கு, ஜெர்மனியில் நான்கில் ஒரு பங்கு காப்பீட்டுக்குள் இருந்தது. ஜெர்மனிக்குள்ளேயே வித்தியாசம் பெரிது: 1994 வரை கட்டாயமாக இருந்ததால் பாடன்-வூர்ட்டம்பர்க்கில் 94 சதவீத வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடு உண்டு, ஆர் ஓடும் ரைன்லாந்து-பலடினேட்டில் அப்போது 37 சதவீதம்தான். மிச்சத்தைச் சுமக்கத்தான் அரசு 3,000 கோடி யூரோ நிதி ஒதுக்கியது.

2015 சென்னை வெள்ளத்தில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வந்த கிளைம் 4,800 கோடி ரூபாய் அளவு. அதில் கம்பெனிகளின் பங்கு அதிகம்; சென்னைப் புறநகரான முடிச்சூரில் மூழ்கிய வீட்டுச் சாமானுக்கு அநேகமாக எந்தப் பாலிசியும் கிடையாது. எந்த ஏட்டிலும் ஏறாத நஷ்டம் அது.

அங்கே ஏட்டுக்கு வருவது நிவாரணக் கணக்கு. பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000, பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 (33 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால், இரண்டு ஹெக்டேர் வரை), பசு அல்லது எருமைக்கு 37,500. இவை நிவாரண விகிதங்கள். பொருளின் விலை அல்ல. இவற்றைக் கூட்டி 'மொத்தச் சேதம்' என்று போட்டால், அந்த மாவட்டம் அசலைவிட ஏழையாகத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி. 2024 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது 276 கோடி. முதல் தொகையில் தற்காலிக நிவாரணமும் நிரந்தரச் சீரமைப்பும் கலந்திருக்கும். இரண்டாவது, விதி விகிதத்தில் கணக்கிட்டு, மாநில நிதியில் இருப்பைப் பார்த்து வருவது. இரண்டில் எதையும் கேரளத்தின் 26,720 கோடியோடு ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், தூத்துக்குடி உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்துபோனது. கரைந்த அம்பாரத்தின் விலை சேதம். வரப்பு கட்டி, சேறு வழித்து, பாத்தியை மறுபடி மிதித்து இறுக்கி, உப்பு வாரும் நாள் வரைக்கும் போன கூலி இழப்பு. நெல்லுக்கு ஹெக்டேர் விகிதம் உண்டு, மாட்டுக்குத் தலைக்கணக்கு உண்டு, படகுக்கும் வலைக்கும்கூட விகிதம் உண்டு. உப்புப் பாத்திக்கு அந்த விதிப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.