செய்மதி வரைபடத்தை நம்பிக் கூரையில் ஏறலாமா?

கூரைச் சோலார் வடிவமைப்பது என் தொழில். வேலை பெரும்பாலும் இலங்கையின் வடக்கிலும் மலையகத்திலும். ஓர் இடத்தைப் பார்க்கப் போகும் முன் ‘குளோபல் சோலார் அட்லஸ்’ என்ற செய்மதி வரைபடத்தை இணையத்தில் திறப்பது பல வருடப் பழக்கம். உலக வங்கி 2017இல் வெளியிட்டது, தரவு சோலார்கிஸ் நிறுவனத்துடையது, காசு கேட்பதில்லை. வரைபடத்தில் வீட்டின் மேல் சொடுக்கினால், ஒரு கிலோவாட் தகடு வருடத்துக்கு எத்தனை அலகு மின்சாரம் தரும் என்று சொல்லிவிடும்.

வடக்குக்கு அது சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கிளிநொச்சி, மன்னார் போன்ற சமதரையில் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு என்கிறது. மின்மானியின் வருடக் கணக்கும் அதை ஒட்டியே வருகிறது. ஆனால் வருடச் சராசரியை மட்டும் காட்டி வியாபாரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை மாதங்களில் உற்பத்தி விழும்போது, “தகடு பழுதோ?” என்று கேட்டுத் தொலைபேசி வருவது எங்களுக்குத்தானே? அட்லஸிலேயே மாதத்தையும் மணியையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்த அட்டவணை ஒன்று இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மாதங்கள் வரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் முற்பணம் வாங்க வேண்டும்.

மலையகத்தில் கதை வேறு. செய்மதி வெயிலை நேரடியாக அளப்பதில்லை. மேகம் எவ்வளவு வெண்மையாகத் தெரிகிறது என்று பார்த்து, அது தடுத்த ஒளியைக் கழித்து, மிச்சம் தரைக்கு வந்திருக்கும் என்று கணிக்கிறது. படத்தின் ஒரு புள்ளி சில கிலோமீட்டர் அகலம். ஹற்றன் பக்கம் அந்த அகலத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கும் இரண்டு முகடுகளும் அடங்கிவிடும். முகட்டில் உள்ள லயத்தின் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்) தகரக் கூரையில் வெயில் ஏறிவிட்ட நேரத்தில், கீழே தொழிற்சாலைக் கூரை இன்னும் மூடுபனிக்குள் இருக்கும். மலை நிழலை அட்லஸ் திருத்திக் கணக்கிடுகிறது; மூடுபனியை அப்படித் திருத்த முடிவதில்லை.

இன்னொன்று, இந்து சமுத்திரத்தைப் பார்க்கும் ‘மெட்டியோசாட்’ என்ற ஐரோப்பிய வானிலைச் செய்மதிகள் நமக்கு நேர் மேலே இல்லை. மெட்டியோசாட்-7 நின்றது 57.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில். இலங்கையோ 80 பாகைக்கு அருகில். சாய்ந்து பார்க்கையில் உயரமான இடிமேகம், அது உண்மையில் உள்ள இடத்திலிருந்து கிழக்கே தள்ளித் தெரியும். 2017 வரை படமும் அரை மணிக்கு ஒன்றுதான். அடுத்து வந்த மெட்டியோசாட்-8 கால் மணிக்கு ஒன்று எடுத்தது. சட்டென்று திரண்டு கொட்டும் சித்திரை மாதத்துப் பின்னேர மழைக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

‘நாசா பவர்’ என்ற நாசாவின் வெயில், வானிலைத் தரவை வீட்டுக் கூரைக்குப் பயன்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். அதன் சூரியக் கதிர்வீச்சு வரைபடத்தில் ஒரு கட்டத்தின் அகலம் ஒரு பாகை, அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவும், மழை கொட்டும் இரத்தினபுரியும், வறண்ட எம்பிலிப்பிட்டியவும் ஒரே கட்டத்துக்குள் கிடக்கின்றன! பழைய வருடங்களோடு ஒப்பிட்டு, நல்ல வருடத்துக்கும் மோசமான வருடத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க மட்டும் அது உதவும். மணிவாரித் தரவு வேண்டுமென்றால் ஐரோப்பிய ஆணைக்குழுவின் ‘பிவிஜிஐஎஸ்’ இலவசமாகத் தரும். எந்தத் தரவுத்தொகுதி தெரிவாகியிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ‘இஆர்ஏ5’ என்று இருந்தால் அது கணினி வானிலை மாதிரியிலிருந்து வந்தது, செய்மதிப் படத்திலிருந்து அல்ல.

பனைமர நிழல், காக்கை எச்சம், மதியம் மின்னழுத்தம் ஏறியதும் நின்றுவிடும் இன்வேட்டர் ஆகியவை எந்த வரைபடத்திலும் இல்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததால் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை நாடு முழுவதும் கேட்டது. வெயிலுக்கு அப்போது ஒரு குறையும் இல்லை.

இப்போது மலையகத்து வேலை என்றால், அதே சரிவில் ஏற்கனவே சோலார் போட்ட வீட்டைத்தான் முதலில் தேடுகிறேன். இன்வேட்டர் செயலியில் மாதக் கணக்கு அப்படியே இருக்கும். கேட்டால் காட்ட மறுப்பவர்கள் குறைவு. அட்லஸின் எண்ணும் அந்தக் கணக்கும் முரண்பட்டால், அந்தச் சரிவுக்கு வீட்டுக்காரரின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.