ரெடிமேட் சுவர்: வேலியாகச் சரி, மண்ணைத் தாங்குமா?

தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் வயலை மனையாக்கிய இடமெல்லாம் இந்த ரெடிமேட் சுவர்தான். இரண்டு பக்கமும் காடி (நீளவாக்கில் பள்ளம்) விட்ட கான்கிரீட் தூணை 7 அடிக்கு ஒன்றாக நட்டு, காடிக்குள் மேலிருந்து ஸ்லாபை இறக்கி அடுக்குகிறார்கள். ஸ்லாப் பொதுவாக 7 அடி நீளம், 1 அடி உயரம், 2 அங்குலக் கனம். எடை ஏறக்குறைய 80 கிலோ. பூச்சு வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டாம், 100 அடி நீளம் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். எல்லை காட்டவும் ஆடு மாடு புகாமல் தடுக்கவும் கொடுக்கிற காசுக்கு நல்ல பொருள்.

வயலாக இருந்த மனை ரோட்டைவிட மூன்று நாலு அடி பள்ளமாகத்தான் கிடக்கும். கிராவலோ சவுடோ கொட்டி மேடாக்கும்போது, அந்த மண்ணையும் இதே சுவர் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி விற்கிறார்கள். பிடிக்காது.

நாலு அடி உயரத்துக்குக் கொட்டி இறுக்கிய கிராவல், காய்ந்த நிலையிலேயே ஒரு அடி நீளச் சுவரைச் சுமார் 130 கிலோ விசையோடு வெளியே தள்ளும். இரண்டு தூணுக்கு நடுவில் 7 அடி என்றால் 900 கிலோவுக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண்ணுக்குள் தண்ணீர் கட்டி நின்றால் அதே இடத்தில் இரண்டு டன் ஆகிவிடும். உயரம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நாலு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருப்பம் எட்டு மடங்கு. ஒன்றரை அடி நிரப்பில் நின்ற சுவர் மூன்று அடியிலும் நிற்கும் என்று நினைப்பது இங்கேதான் தப்பாகிறது.

ஸ்லாபுக்குள் இருப்பது மெல்லிய கம்பி, அதுவும் கனத்தின் நடுவில். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தாங்க அது ஏற்ற இடம். ஒரே பக்கமிருந்து மண் தள்ளும்போது வெளிமுகம்தான் இழுபடும், அங்கே கம்பி கிடையாது. அதனால் அடி ஸ்லாப் முதலில் நடுவயிற்றில் நெட்டுக்குத்தாக விரிசல் விடும். தூண் வேறு விதமாகத் தோற்கும். 2 அடி குழியில் கான்கிரீட் போட்டு நட்ட தூணுக்குப் பிடிமானம் எதிர்ப்பக்கத்து மண். அந்தப் பக்கம் அடுத்தவர் வயல். நடவுக்கு முன் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் தூணின் காலடிவரை சேறு கலக்கிவிட்டுப் போகும். தூண் மெல்ல வயல் பக்கம் சாயும். கோடையில் களிமண் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊறி உப்பும். வருடா வருடம் இந்த ஆட்டம் தூணை அசைத்துக்கொண்டே இருக்கும்.

இந்தச் சுவரில் இயல்பாக அமைந்த ஒரே நன்மை ஸ்லாபுகளுக்கு இடையே உள்ள சந்து. தண்ணீர் தானாக வடிந்துவிடும். அழகு கெடுகிறது என்று அதையும் கலவை வைத்து அடைத்துவிட்டு, சுவர் ஏன் பிதுங்குகிறது என்று கேட்பார்கள். அடைக்காமல் விட்டால் மழைத் தண்ணீரோடு மண்ணும் ஒழுகும், வயல் நண்டும் எலியும் வளை போடும். சந்தின் உள்பக்கம், தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பதுதான் வழி.

ஆக, இந்தச் சுவரை நம்பி ஒன்றரை அடிக்கு மேல் மண் கொட்டக் கூடாது. அதற்கு மேல் என்றால் நிரப்பு மட்டம் வரை கருங்கல் சுவர் (கல்கட்டு) வேண்டும். வேலி உயரம் வேண்டுமானால், சுவர் கட்டும்போதே தூணுக்கு இடம் விட்டு, கல்கட்டுக்குள் 2 அடியாவது இறங்கும்படி நட்டு, மேலே ரெடிமேட் ஸ்லாபை ஏற்றலாம். செலவு கூடும்தான். சாய்ந்த சுவரைப் பிரித்து, சரிந்த மண்ணை அள்ளி, மறுபடி கட்டும் செலவோடு வைத்துப் பார்த்தால் அது பெரிதில்லை.

கல்கட்டு தன் எடையால் நிற்பது. நாலு அடி நிரப்புக்கு, சுவரின் உச்சியில் ஒன்றரை அடி, தரைமட்டத்தில் இரண்டரை அடி அகலம். தரைக்குக் கீழே 3 அடி அகலத்தில் 2 அடி ஆழம். அதற்கும் கீழே ஆறு அங்குலம் 1:4:8 கான்கிரீட் (சிமென்ட் ஒரு பங்கு, மணல் நாலு, ஜல்லி எட்டு), 40 எம்எம் ஜல்லியில். களிமண்ணாக இருந்தால் இன்னும் ஒரு அடி தோண்டி மணல் நிரப்பி, தண்ணீர் விட்டுக் குத்த வேண்டும். 40 அடி நீளத்துக்குக் கல்கட்டு சுமார் 560 கன அடி. 1:6 கலவைக்கு (சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஆறு) யூனிட்டுக்கு, அதாவது 100 கன அடிக்கு, ஐந்து மூட்டை வீதம் 28 மூட்டை சிமென்ட், இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்).

கொத்தனாரைக் கவனிக்க வேண்டிய இடம் சுவரின் நடு. இரண்டு முகத்திலும் பெரிய கல்லை வைத்து, நடுவில் சில்லுக்கல்லைக் கலவை இல்லாமல் கொட்டிவிடுவது பரவலான பழக்கம். ஒரு வரிசை முடிந்ததும் மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்று மெல்ல இறங்கினால் சரி. மடமடவென்று உள்ளே போய்க் கீழே எங்கேயோ ஒழுகினால் உள்ளே பொந்து. நாலைந்து அடிக்கு ஒரு இடத்தில், முன்முகத்திலிருந்து பின்முகம் வரை போகும் நீளக்கல் குறுக்கே விழவேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைக்கலாம். இல்லையென்றால் சுவர் இரண்டு தோலாகப் பிரியும்.

வடிகால் குழாய் இல்லாமல் இவ்வளவும் வீண். 3 அங்குல பிவிசி குழாய், 5 அடிக்கு ஒன்று, வெளித்தரைக்கு அரை அடி மேலே, வெளிப்பக்கம் சரிவாக. வயலில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு 20 எம்எம் ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே துணி. ஜல்லியை மிச்சம் பிடித்து மண்ணை நேராகக் கொட்டினால் முதல் மழையிலேயே குழாய் அடைத்துக்கொள்ளும். தோண்டி எடுத்த களிமண்ணையே பின்னால் தள்ளி மூடுவது அதைவிட மோசம். கட்டி முடித்து இரண்டு வாரமாவது விட்டு, மண்ணை ஒவ்வொரு அடுக்கும் முக்கால் அடி கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் குத்துங்கள். டிப்பரைச் சுவரோரம் பின்னால் விட்டுக் கொட்ட விடாதீர்கள்.

செங்கல்லில் 9 அங்குலச் சுவரெல்லாம் இரண்டு அடி நிரப்பு வரைதான். 3 கிலோ செங்கல்லை 24 மணி நேரம் ஊறவைத்தால் 600 கிராமுக்கு மேல் எடை ஏறக் கூடாது. ஏறினால் மண்ணோரத்துக்கு ஆகாது, உப்பு பூத்துப் பொரியும். ஐந்து அடிக்கு மேல் போனால் பொறியாளர் கணக்குப் போட்ட ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) சுவர். அதில் முக்கியக் கம்பி மண் பக்கத்து முகத்தில் வரவேண்டும். வெளிமுகத்தில் கட்டிவிட்டால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வேலிக்கு மட்டும் ரெடிமேட் வாங்குகிறவர்கள் லோடு இறங்கும்போதே ஸ்லாபைச் சுத்தியால் தட்டிப் பார்க்கலாம். கணீரென்று கேட்க வேண்டும், டொக்கென்று கேட்டால் உள்ளே விரிசலோ பொந்தோ இருக்கும். வார்த்து மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போல உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் கம்பி வெளியே தெரியும் ஸ்லாபை லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். துரு ஏறிய கம்பி பருத்து, 2 அங்குலக் கனத்தைச் சீக்கிரமே உரித்துப் போட்டுவிடும்.