செங்கல் சுவருக்கு சுண்ணாம்பு பூச்சும் உட் ஃபைபர் போர்டும்: சில வருஷம் குடியிருந்த பிறகு

பழைய செங்கல் சுவர்ல இருந்த சிமென்ட் பூச்சை முழுசா கொத்தி எடுத்துட்டு, உள்பக்கம் உட் ஃபைபர் போர்டு (மரநாரை அழுத்திச் செஞ்ச இன்சுலேஷன் பலகை) ஒட்டி, மேல சுண்ணாம்பு பூச்சு பூசி வெள்ளையடிச்சு சில வருஷம் ஆச்சு. வேலை முடிஞ்ச உடனே எந்த சுவரும் அழகாத்தான் இருக்கும், மழையும் குளிரும் வெயிலும் மாறி மாறி பாத்த பிறகுதான் உண்மை தெரியும், அதனாலதான் இவ்ளோ நாள் பொறுத்து எழுதறேன்.

இந்த வேலைய எடுத்ததுக்குக் காரணம் ஓதம், அதாவது சுவர்ல ஏறுற ஈரம். கீழ்ப்பக்கம் பெயின்ட் கொப்புளிச்சு உப்பு பூத்துக்கிட்டே இருந்துச்சு, தேய்ச்சு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா கொஞ்ச நாள்ல அதுக்கு மேல ஒரு சாண் தள்ளி மறுபடி ஆரம்பிக்கும். சுண்ணாம்பு சாந்துல கட்டின செங்கல் சுவர் ஈரத்த உறிஞ்சும், காத்து காய்ஞ்சா திருப்பி விட்டுடும். ரெண்டு பக்கமும் சிமென்டும் பிளாஸ்டிக் பெயின்டும் வச்சு அடைச்சா அந்த ஈரம் வழி தேடி மேல ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னாடி படிகமா கட்டி பூச்சையே தள்ளி உடைக்கும். அதனால முதல்ல மழைத்தண்ணி குழாய சரி பண்ணி, சுவரோரம் ஏறிக்கிடந்த மண்ண இறக்கி, சுவர காய விட்டோம். இத பண்ணாம இன்சுலேஷன் ஒட்டறது வீண் செலவு.

போர்டு விஷயத்துக்கு வரேன். வெப்பம் கடத்துற அளவு சுமார் 0.04 (W/mK), அதாவது தெர்மோகோல் மாதிரியேதான். வித்தியாசம் ஈரத்துல: நீராவி போக எவ்ளோ தடைன்னு ஒரு கணக்கு இருக்கு, அதே கனத்துக்கு காத்த விட எத்தன மடங்குன்னு, உட் ஃபைபருக்கு அது 3லேந்து 5, தெர்மோகோலுக்கு 20லேந்து 100 வரைக்கும் போகும். எடையும் அதிகம், சூட்ட தாங்கி வச்சுக்கும், அதனால வெயில் நாள்ல மத்தியானச் சூடு அறைக்குள்ள வர நேரமாகுது, மாடில இது நல்லாவே தெரியுது.

கனம் 60 மி.மீ.தான் போட்டோம். இன்னும் போட்டா இன்னும் நல்லதுன்னு தோணும், ஆனா உள்பக்கம் இன்சுலேஷன் ஏற ஏற செங்கல் குளிர் நாள்ல சில்லுனு ஆகும், அங்க நீராவி தண்ணியா மாறும், சுவர் காயறதும் மெதுவாகும். அதே காரணத்துக்காக போர்டுக்கும் செங்கலுக்கும் நடுவுல இடைவெளியே இருக்கக்கூடாது, சுண்ணாம்பு சாந்த முழுசா தடவி அழுத்தி ஒட்டணும், சுவிட்ச் பாக்ஸ், ஜன்னல் ஓரம் எல்லாத்தையும் காத்து புகாம அடைக்கணும். நீராவி சுவருக்குள்ள மெதுவா ஊடுருவலாம், காத்து ஓட்டை வழியா அடிக்கக்கூடாது. மரச்சட்டம் சுவருக்குள்ள போற முனைகள மட்டும் ரொம்ப கவனிங்க, மக்குனா அங்கதான் முதல்ல மக்கும். ஏசி ஓடுற வீட்ல இதே கதை தலைகீழா நடக்கும், ஈரம் வெளியேந்து உள்ள வரும், அப்பவும் நடுவுல பிளாஸ்டிக் ஷீட் இல்லாம இருக்கறதுதான் நல்லது.

பூச்சுக்கு என்.எச்.எல் 3.5 (தண்ணிலயே இறுகக்கூடிய ஒரு இயற்கைச் சுண்ணாம்பு வகை) எடுத்தோம், தண்ணில கொஞ்சம் இறுகும், மிச்சம் காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்து வருஷக்கணக்குல கெட்டியாகும். அவசரம் ஆகவே ஆகாது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நேர் வெயில் படாம காக்கணும், 5 டிகிரிக்கு கீழ குளிர் இருந்தா வேலையவே தள்ளி வைக்கணும். மயிரிழை வெடிப்பு சிலது வந்துச்சு, வெள்ளையடிக்கறப்பவே மூடிடுச்சு, பெரிய வெடிப்பு எதுவும் இல்ல.

மேல் பூச்சு பத்தி நேரா சொல்றேன். சுண்ணாம்பு வெள்ளையோட அந்த மங்கலான ஒளிக்கு ஈடே இல்ல, எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு. ஆனா சாஞ்சா துணில ஒட்டும், அதனால கட்டில், சோபா பின்னாடி சிலிகேட் பெயின்ட் (பிளாஸ்டிக் இல்லாத ஒரு கனிமப் பெயின்ட் வகை) அடிச்சோம், அதுவும் ஈரத்த விடும், ஒட்டாது. சுண்ணாம்பு வெள்ளைல புதுசுல காரத்தன்மை அதிகமா இருக்கறதால பூஞ்சை பிடிக்காது, சுண்ணாம்பு இறுக இறுக அந்த காரம் குறையும், அதனால சில வருஷத்துக்கு ஒரு தடவ மறுபடி அடிக்கணும். ஒரு இடத்த மட்டும் ஒட்டுப்போட்டா திட்டா தெரியும், முழு சுவரும் அடிச்சாத்தான் ஒண்ணாகும். படுக்கையறைல களிமண் பூச்சு, கீறல் விழுந்தா ஈர ஸ்பாஞ்சால தேய்ச்சாலே போயிடும், ஆனா தண்ணி தெறிக்கற இடத்துக்கு அத நினைக்கவே வேணாம்.

ஓதம்? கீழ ரொம்ப நாளைக்கு லேசா உப்பு வந்துச்சு, காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுத்தோம் (தண்ணி ஊத்தி கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும்), இப்ப கிட்டத்தட்ட நின்னுடுச்சு. அந்த ஈரவாடை போயே போச்சு. காலைல ஜன்னல்ல தண்ணி வழியறதும் குறைஞ்சிருக்கு, ஆனா சமையல், குளியல் ஆவிய வெளிய தள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் ஓடத்தான் செய்யுது, அந்த வேலைய சுவர் செய்யாது.

கஷ்டம்னா கனமான அலமாரி மாட்டறது, போர்ட தாண்டி செங்கல் வரைக்கும் போற நீள ஆங்கர் வேணும், எங்க மாட்டப் போறீங்கன்னு பூசறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி உள்ள மரக்கட்டை வச்சுடுங்க. அப்புறம் யாராவது பெயின்டர் வந்து ஒரே ஒரு கோட்டு பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சா இவ்ளோ வேலையும் போச்சு, அதனால என்ன அடிக்கலாம்னு எழுதி மீட்டர் பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கோம். மிச்சம் இருக்கறது வெளிப்பக்கம், செங்கல் இடுக்குல இருக்கற சிமென்ட் செங்கல விட கெட்டி, ஈரம் அது வழியா போக முடியாம செங்கல் முகமே உதிருது, அடுத்து மழையில்லாத பருவத்துல அத சுரண்டி சுண்ணாம்பு சாந்து அடைக்கப் போறோம்.