ஆயாவின் கோல நோட்டு: அசலை மாட்டுவதா, நகலை மாட்டுவதா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் காலி. அங்கே மாட்ட ஆயாவின் கோல நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்திருக்கிறேன்: பதினைந்து புள்ளிக் கோலம், ஓரத்தில் மஞ்சள் விரல் ரேகை.

அசலை மாட்டினால் அந்த ரேகையும், பால்பாயின்ட் அழுத்திய தடமும் அப்படியே கண்முன் நிற்கும். ஆனால் டர்பன் கோடையின் ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை, பூசணம் பிடித்துவிடும். கண்ணாடியில் தாள் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது கிழியும். அதனால் நடுவே அமிலமில்லாத அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். வெயில் இன்னும் மோசம். இங்கே நாம் தென் அரைக்கோளத்தில் இருக்கிறோம், வெயில் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் வரும். பால்பாயின்ட் மை வெளுத்தால் திரும்ப வராது.

நகல் என்றால் இந்தக் கவலை இல்லை. 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, கதவளவுக்குக்கூடப் பெரிதாக்கலாம். தங்கைக்கு ஒன்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சித்தப்பாவுக்கு ஒன்று. கறை மட்டும் வெறும் படமாகிவிடும், தொட்டால் வழவழவென்று இருக்கும்.

"மாட்டுடா, ஆயா பெட்டியில பூட்டி வைக்கவா வரைஞ்சாங்க?" என்கிறார் அம்மா. சரிதான். இருந்தாலும் என் ஓட்டு நகலுக்கே. அசல் பெட்டியில் இருக்கட்டும். பொங்கலன்று வெளியே எடுத்து, அதைப் பார்த்தே வாசலில் போடலாம்.